மீண்டும் கேட்கும் குரல்கள்



பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ் மக்கள் தம்முடன் கொண்டு சென்ற செல்வங்களுள் இசையும் ஒன்று. உணவும் உடையும் இடத்திற்கேற்ப மாறிவிடுகின்றன. பேச்சிலும் அயல்மொழிச் சொற்கள் வந்து கலந்துவிடுகின்றன. ஆயினும் மார்கழி பிறந்தவுடன் ஒரு நல்ல கச்சேரியைக் கேட்க வேண்டும் என்னும் அவா, எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் நம்மவரை விட்டு நீங்குவதில்லை. 1952-இல் பம்பாயில் சண்முகானந்த சபை தோன்றியதும், தலைநகரில் கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் நம்மவர் கூடி வாழ்ந்த இடங்களிலெல்லாம் பஜனையும் கச்சேரியும் தழைத்ததும் அந்த அவாவின் பயனேயாகும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதனைச் சார்ந்ததே. இணையத்தின் வாயிலாக ஒரு வித்வானைப் புதிதாக அறிந்துகொள்வதிலும், முன்பே அறிந்த ஒருவரை மறுபடியும் கண்டடைவதிலும் ரசிகர் அடைகின்ற இன்பம் எத்தகையது, அந்த இன்பம் நம்மிடம் எதிர்பார்க்கின்ற கடமை யாது என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் பழைய நிலைமையை நினைவுகூர்தல் வேண்டும். இந்தியாவில் கிராமபோன் கம்பெனியார் 1902-இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கினர். அப்பொழுது பாடிய கௌஹர் ஜான் அம்மையார், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது வழக்கம். தட்டுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில் அச்சிடப்பெற்றன. அங்குள்ள தொழிலாளர் பாடியவர் யார் என்பதை அறிந்து பெயரொட்டுவதற்கு அது உதவியது. அத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷமே ஓடும். பல மணி நேரம் விரிவாகப் பாட வல்லவர்கள் தம் வித்தை முழுவதையும் அந்த மூன்று நிமிஷத்திற்குள் அடக்கிக் காட்ட வேண்டியிருந்தது. ராகம் இரண்டு மூச்சில் முடியும். கீர்த்தனை ஓட்டமாக ஓடும். நிரவலுக்கும் ஸ்வரத்திற்கும் இடமே இராது.

அதற்குப் பின்னர் வானொலி வந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இல் திறக்கப்பெற்றது. 1952-இல் தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கியது. சனிக்கிழமை இரவுகளில் அரியக்குடியின் கச்சேரியைத் தில்லியிலிருப்பவரும், உஸ்தாத்களின் கியாலைத் திருச்சியிலிருப்பவரும் ஒரே நேரத்தில் கேட்கும் வாய்ப்பு ஏற்பட்டது. எனினும் வானொலியில் வந்தது காற்றோடு போயிற்று. அன்றைக்கு வீட்டில் விருந்தாளி வந்துவிட்டாலோ, மின்சாரம் நின்றுவிட்டாலோ இழந்தது இழந்ததுதான். ஒலிநாடா விலை மிகுந்ததாக இருந்த அக்காலத்தில், ஒரு நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவு செய்வது உலகமெங்கும் ஒலிபரப்பு நிலையங்களில் நிலவிய வழக்கமாகும். ஆதலின் ஒலிபரப்பானவற்றுள் பெரும்பகுதி மறைந்துபோயிற்று என்று கருதுவதில் தவறில்லை.

அவ்வாறு மறையாமல் எஞ்சியவற்றுள் கணிசமான பகுதியைக் காப்பாற்றியவர்கள் பெயர் தெரியாத ரசிகர்களே. வானொலிப் பெட்டிக்கு அருகில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, குழந்தைகளை அதட்டி அமைதிப்படுத்திவிட்டு, அவர்கள் பதிவு செய்த நாடாக்கள் பரணிலும் அலமாரியிலும் பல்லாண்டுகள் உறங்கின. அவற்றையே அவர்களுடைய மக்களும் நண்பர்களும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இணையத்தில் ஏற்றலாயினர். 2005-இல் யூடியூப் தோன்றிய பின்னர் இது பெருவெள்ளமாயிற்று. இன்று ஒரு பழைய கச்சேரியைக் கேட்கும்பொழுது இடையே சுவர்க்கடிகாரம் மணி அடிப்பதும், தெருவில் விற்பவர் குரல் கொடுப்பதும், சமையலறையில் பாத்திரம் விழுவதும் நம் செவியில் படுகின்றன. அந்த ஓசைகள் நமக்கு இடையூறாகத் தோன்றுவதில்லை. முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் கூடத்தில் அமர்ந்து அவர்களோடு கேட்பது போன்ற உணர்ச்சியே உண்டாகிறது.

இனி, கண்டறியும் இன்பத்தைக் கருதுவோம்.

கிரானா கரானாவின் முதல்வராகப் போற்றப்பெறும் அப்துல் கரீம் கான் அவர்களின் பெயரை வடநாட்டில் வாழும் நம்மவர் பலரும் அறிவர். தில்லிக்கு வடக்கே உள்ள கைரானா என்னும் ஊரில் 1872-இல் பிறந்தவர் அவர். அவருடைய ஜிஞ்ஜோடியும் பைரவித் தும்ரியும் இந்துஸ்தானி இசைத்தட்டுகளில் தலைசிறந்தவை. அவற்றைத் தேடிச் செல்பவர், அவற்றிற்கு அருகிலேயே, தியாகராஜ சுவாமிகளின் ‘ராம நீ ஸமானமெவரு’ என்னும் கரகரப்பிரியா கீர்த்தனையை அதே கான் சாகேபின் குரலில் காண்கின்றார். வியப்பு மேலிடுகிறது. ஒரு வடநாட்டு உஸ்தாத் தென்னாட்டுக் கீர்த்தனையைக் கற்றுத் தட்டில் பதிவு செய்திருக்கின்றார்! அவர் தென்னாட்டிற்குப் பலமுறை வந்ததையும், நம் வித்வான்களின் ஸ்வரம் பாடும் முறையில் ஈடுபட்டு அதனைத் தம் பாணியில் சேர்த்துக்கொண்டதையும் பின்னரே அறிகின்றோம். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் உடல்நலம் குன்றி, செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் நீத்தார் என்பதைப் படிக்கும்பொழுது நெஞ்சம் நெகிழ்கின்றது. நம்மில் எத்தனையோ பேர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அந்நிலையத்தைக் கடந்து போகின்றோம். வடக்கில் பிறந்த ஒரு பெருங் கலைஞரின் இறுதி மூச்சு அங்கே அடங்கிற்று என்பதை அறிந்த பின்பு அந்தச் சிறு நிலையம் நமக்கு வேறாகிவிடுகின்றது.

மற்றொரு சான்று. கோயம்புத்தூர் தாயி என்னும் அம்மையார் இந்நாட்டில் ஒலிப்பதிவு தொடங்கிய முதற் பத்தாண்டுகளில் பல தட்டுகள் கொடுத்தவர். 1917-இல், நடுவயதிலேயே காலமானவர். அவர் பெயர் நெடுங்காலம் தட்டுச் சேகரிப்போர்க்கு மட்டுமே தெரிந்திருந்தது. ஆனால் பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளரான மோரிஸ் தெலாழ் 1912-இல் இந்தியாவிற்கு வந்து சென்ற பின்னர், தாயியின் பாட்டில் மனத்தைப் பறிகொடுத்து, அதனைத் தழுவிப் பியானோவுக்கு ‘ராகமாலிகா’ என்றொரு படைப்பை இயற்றினார். பியானோவின் ஒரு தந்தியின் அடியில் அட்டைத் துண்டைச் செருகி, அதன் ஒலியை மத்தளத்தின் ஒலி போல் மழுக்கும்படி அதில் குறித்திருக்கின்றார். பெங்களூரைச் சேர்ந்த இந்திய இசை ஆவணக் காப்பகம் போன்ற அமைப்புகள் பழைய தட்டுகளைத் துப்புரவு செய்து இணையத்தில் வழங்கியதனால், இன்று தாயியின் பாட்டையும் பாரிஸ் நகரத்துப் பியானோவையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிட முடிகின்றது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த ஒப்பீடு தனிச்சுவை தருகின்றது. ஒரு மொழியின் நயம் மற்றொரு மொழிக்குச் செல்லுகையில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்னும் சங்கடத்தை நாம் நாள்தோறும் அலுவலக மேசையில் காண்கின்றோம். தெலாழ் சுருதியையும் தாளத்தின் நடையையும் எடுத்துக்கொண்டார். கமகத்தைப் பியானோவில் கொண்டுவர வழியில்லை. ஆயினும் அவர் மூலத்தின்பால் கொண்ட மரியாதை ஒவ்வோர் அடியிலும் புலனாகின்றது. நல்ல மொழிபெயர்ப்புக்கு அதுவே முதல் இலக்கணம்.

மூன்றாவதாக, அண்டை மாநிலத்தவர் ஒருவர். விஜயவாடா வானொலி நிலையத்தில் பணிபுரிந்த ஓலேட்டி வேங்கடேஸ்வரலு (1928–1989) அவர்களைத் தமிழ்நாட்டில் இசையறிந்தோர் போற்றினர். எனினும் பொதுமக்களிடையே அவர் பெயர் பரவவில்லை. அவருடைய சங்கீதத்தின் பெரும்பகுதி வானொலி நிலையத்தின் அறைக்குள்ளேயே நடைபெற்றது. மருத்துவராகவும் இசைப் பேராசானாகவும் விளங்கிய ஸ்ரீபாத பினாகபாணி அவர்களிடம் பாடம் கேட்டவர் அவர். இந்துஸ்தானி இசையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. அவர் ஆலாபனை செய்யும்பொழுது ஒரு ஸ்வரத்தின்மேல் நின்று, அவசரமின்றி, அடுத்த ஸ்வரத்தை அணுகும் அழகு நம்மைக் கட்டிப்போடும். நம் நாற்பதாம் வயதில், நள்ளிரவில், கைப்பேசியின் ஒலியில் அவரை முதன்முறை கேட்ட பொழுது, இத்தகைய ஒருவர் நாம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நம்மிடையே வாழ்ந்திருக்கின்றார் என்னும் எண்ணம் மகிழ்ச்சியையும் ஏக்கத்தையும் ஒருங்கே தந்தது. புகழ் என்பது பாட்டின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. எந்த நகரத்தில் வாழ்ந்தார், எந்தச் சபையில் இடம் கிடைத்தது, யார் பத்திரிகையில் எழுதினார் என்பனவற்றையும் பொறுத்தது. காலங்கடந்தேனும் இணையம் அந்தக் கணக்கை ஓரளவு சரி செய்கின்றது.

அடுத்தது, மீண்டும் கண்டடையும் இன்பம். இது முன்னதினும் நுட்பமானது.

எம். டி. ராமநாதன் அவர்களை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுச் சீமையில் மஞ்சப்பிராவில் 1923-இல் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரிடம் கலாக்ஷேத்திரத்தில் பயின்று, அங்கேயே ஆசிரியராக விளங்கி, 1984-இல் மறைந்தவர். கனத்த சாரீரம். எதனையும் விளம்ப காலத்தில் பாடுவது அவர் இயல்பு. துரித காலமே கச்சேரிக்கு உயிர் என்று எண்ணிய பலர் அவர் வாழ்ந்த காலத்தில் அவரைக் கேலி செய்தனர் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. இளமையில் நம் செவி வேகத்தையே நாடும். ஸ்வரப் பிரஸ்தாரம் மழைபோல் பொழிய வேண்டும், தனி ஆவர்த்தனம் இடிபோல் முழங்க வேண்டும் என்று இருபது வயது விரும்பும். அது அந்த வயதின் தர்மம். ஆண்டுகள் சென்று, பெற்றோரை இழந்து, பதவி மாற்றத்தில் ஊர் ஊராய் அலைந்து, குடும்பப் பொறுப்பும் ஏறிய பின்னர், அதே ராமநாதனின் சஹானாவை இணையத்தில் கேட்கின்றோம். ஒரு சொல்லைப் பாடி நிறுத்துகின்றார். அடுத்த சொல் வருவதற்கு முன்னர் ஒரு மௌனம். தம்பூரா மட்டும் ஒலிக்கின்றது. அந்த மௌனத்தில் என்ன இருக்கின்றது என்பது அப்பொழுது புலனாகின்றது. பாட்டு மாறவில்லை, நாடாவும் அதேதான். கேட்பவருக்கு வயது ஏறியிருக்கின்றது.

முன்னாளில் இத்தகைய மறுசந்திப்பு எளிதன்று. தட்டு தேய்ந்துபோகும், கடையில் கேட்டால் சரக்கில்லை என்பார்கள், கச்சேரியைத் திரும்ப நடத்த எவராலும் இயலாது. ஒரு வித்வானைப் பற்றி இளமையில் கொண்ட எண்ணமே வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடும். இன்று அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வசதி ஏற்பட்டிருக்கின்றது. மேலும், ஒரே கலைஞரின் பல கச்சேரிகளைக் கேட்க முடிகின்றது. மதுரை மணி ஐயரின் ஒரே கீர்த்தனையை இரு வேறு ஆண்டுகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் குரல் மந்தமாகத் தொடங்கிப் பின்னர் மலர்கின்றது. மற்றொரு நாள் முதல் ஸ்வரத்திலேயே சுருதியோடு இழைந்து நிற்கின்றது. இசைத்தட்டு ஒரே ஒரு முகத்தைத்தான் காட்டும். கச்சேரிப் பதிவுகளோ, இருமலும் சிரிப்பும் சபையோரின் ‘பேஷ்’ என்னும் குரலுமாக, மனிதரையே நம்முன் நிறுத்துகின்றன.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் தோடியைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிராத தமிழ்க் குடும்பம் அரிது. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த அவரை நேரில் கேட்டவர் இன்று மிகச் சிலரே இருக்கக் கூடும். உயர்ந்த சுருதியில் ஒலித்த பழைய திமிரி நாகஸ்வரத்திற்கு மாற்றாக, நீளம் மிகுந்து சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரம் வழக்கிற்கு வந்ததற்கு அவரே காரணர். நரசிங்கம்பேட்டையில் செய்யப்பெறும் அக்கருவிக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. அவருடைய இசைத்தட்டுகளோடு எஞ்சியிருக்கும் வானொலிப் பதிவுகளையும் சேர்த்துக் கேட்கும்பொழுது, பெரியோர் சொன்னது மிகையன்று என்பது விளங்கும். கோயில் வீதியில், தீவட்டி வெளிச்சத்தில், நள்ளிரவு புறப்பாட்டில் வாசித்த அந்த விரிவு முழுவதும் நமக்குக் கிட்டாது. எனினும் அதன் ஒரு கீற்று கிட்டுகின்றது. அவர் சீடர் காருகுறிச்சி அருணாசலத்தைத் திரைப்படப் பாட்டு ஒன்றின் மூலமே அறிந்திருந்த நம்மில் பலர், அவருடைய முழு ராக ஆலாபனைகளைக் கேட்டு, ஏற்கெனவே அறிந்தவரைப் புதியவராகக் காண்கின்றனர்.

இவற்றினும் உயர்ந்த இன்பம் ஒன்று உண்டு. அது பரம்பரையைத் தொடர்ந்து செல்வது. வீணை தனம்மாள் (1867–1938) அவர்கள் சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததும், அக்கூட்டத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி நிலவியதும் ஏட்டில் படித்தவை. அவர் வாசித்த சில இசைத்தட்டுகள் எஞ்சியுள்ளன. முதல்முறை கேட்பவருக்கு இரைச்சலே மிகுதியாகத் தோன்றும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்க, அந்த இரைச்சலின் பின்னாலிருந்து வீணை தெளிந்து வருகின்றது. பின்னர் அவருடைய பேத்திகளான பிருந்தா, முக்தா சகோதரிகளின் பதங்களைக் கேட்கின்றோம். அடுத்து, மற்றொரு பேத்தி பாலசரஸ்வதி ஆடும்போதே பாடுவதையும், அவர் தம்பி விஸ்வநாதன் புல்லாங்குழலில் அதே வழியைப் பின்பற்றுவதையும் கேட்கின்றோம். பின்பு, பிருந்தாவிடம் பதங்கள் பயின்ற ராமநாதபுரம் கிருஷ்ணன் 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் வெளியிட்ட நெடுநேர இசைத்தட்டைக் கேட்கின்றோம். ஒரு பிடி, ஓர் அசைவு, ஒரு சொல்லை நீட்டும் விதம், பாட்டியின் விரலிலிருந்து பேத்தியின் மிடற்றிற்கும், அங்கிருந்து சீடரின் மிடற்றிற்கும் சென்றிருப்பது செவிக்கு நேரே தெரிகின்றது. ஒரு குடும்பத்தின் முகச்சாயலைப் பழைய புகைப்படங்களில் தேடிக் கண்டு மகிழ்வதைப் போன்றது இது. பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்பவருக்குச் சாயலைக் கண்டுகொள்வதில் உள்ள ஆறுதலை நாம் விளக்க வேண்டியதில்லை.

நிற்க. இந்த இன்பத்தோடு சில எச்சரிக்கைகளும் தேவை.

இணையத்தில் ஏறியுள்ளவற்றில் பெயர்க் குழப்பம் மிகுதி. பாடியவர் பெயர் தவறாகக் குறிக்கப்பெறுவதுண்டு. பக்கவாத்தியக்காரர்கள் பெயர் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். ஆண்டும் இடமும் ஊகமாக இருக்கும். பிடிலும் மிருதங்கமும் வாசித்தவர் யார் என்று தெரியாமல் ஒரு கச்சேரியைக் கேட்பது, மூவர் சேர்ந்து எழுதிய நூலில் ஒருவர் பெயரை மட்டும் அச்சிட்டதற்கு ஒப்பாகும். ஒரு பதிவை ஏற்றுபவர் அறிவிப்பாளரின் அறிவிப்பையும் சேர்த்து ஏற்றினால் இக்குறை பெரிதும் நீங்கும். ‘பாட்டு தொடங்குவதிலிருந்து போதும்’ என்று அறிவிப்பை வெட்டிவிடுபவர், வரலாற்றின் முகவரியையே வெட்டிவிடுகின்றார்.

மற்றொன்று வேகம். நிமிஷத்திற்கு எழுபத்தெட்டுச் சுற்று என்று பெயர் பெற்ற பழைய தட்டுகள் எல்லாம் சரியாக அதே வேகத்தில் பதிவானவை அல்ல. வீட்டு நாடாக்களிலும் கருவிக்குக் கருவி வேகம் மாறும். வேகம் கூடினால் சுருதி ஏறும், குரல் கீச்சென்றாகும், காலமும் விரைவாகும். ஒரு வித்வான் வழக்கமாக எத்தனை கட்டை சுருதியில் பாடுபவர் என்பதை அறிந்திருந்தால் இப்பிழையை உடனே கண்டுகொள்ளலாம். ஒருவர் இப்படித்தான் ஓட்டமாகப் பாடினார் என்று முடிவு கட்டுவதற்கு முன்னர், ஓடியது பாடகரா, கருவியா என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

மூன்றாவது, தெரிவு செய்யும் பொறுப்பு. நாம் ஒருமுறை கேட்டதைப் போன்றவற்றையே இயந்திரம் மேலும் மேலும் எடுத்து நீட்டுகின்றது. அதன் போக்கிலேயே சென்றால் நான்கைந்து பெயர்களுக்குள் சுற்றிக்கொண்டிருப்போம். இயந்திரம் நீட்டுவதை ஒதுக்கிவிட்டு, பெரியவர் ஒருவர் சொன்ன பெயரையோ, நூலில் படித்த பெயரையோ நாமே தேடிச் செல்வது நலம். வானொலிக் காலத்தில் எது வரும் என்று காத்திருந்தோம். இன்று எதைக் கேட்பது என்று தீர்மானிக்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இறுதியாக, கடமையைப் பற்றிச் சில சொற்கள்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில் இன்னும் எத்தனையோ ஒலிநாடாக்கள் இருக்கின்றன. ஊர்க் கோயில் உற்சவத்தில் பதிவு செய்தவை. தில்லியிலோ நாகபுரியிலோ ஜாம்ஷெட்பூரிலோ ஒரு சிறு மண்டபத்தில் ஐம்பது பேர் முன்னிலையில் ஒரு பெரிய வித்வான் பாடியவை. திருமணத்தில் வாசித்த நாகஸ்வரம். தாயாரோ பாட்டியாரோ வீட்டில் பாடியவை. அரசுப் பணியில் இருப்பவர் ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்யும் நாளில் என்ன நடக்கின்றது என்பதை நாம் அலுவலக நண்பர்கள் பலருடைய வீடுகளில் கண்டிருக்கின்றோம். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் லாரியில் ஏறுகின்றன. ஒரு மூலையில் கிடக்கும் காசெட்டுப் பெட்டியைப் பார்த்து, “இதைப் போட்டுக் கேட்க இப்போது கருவி ஏது?” என்று சொல்லிப் பழைய காகிதக்காரரிடம் தள்ளிவிடுகின்றார்கள். அவ்வாறு போன பெட்டியில் என்ன இருந்தது என்பதை இனி எவரும் அறிய முடியாது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரே பிரதியாகவும் அது இருந்திருக்கலாம்.

அருள்கூர்ந்து அவ்வாறு செய்யாதீர்கள். காந்த நாடாவிற்கு ஆயுள் வரம்புடையது. ஈரமும் வெப்பமும் அதனைக் கெடுக்கும், பூஞ்சை படியும், ஒட்டிக்கொள்ளும். நல்ல நிலையிலுள்ள ஒரு கருவியை இரவல் வாங்கியேனும் அவற்றைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். பூஞ்சை பிடித்த நாடாவைச் சாதாரணக் கருவியில் ஓட்டாமல், அவ்வேலையில் தேர்ந்தவரிடம் கொடுங்கள். முதற்பிரதியைச் சுருக்கப்பெறாத கோப்பாக வைத்துக்கொண்டு, பிறருக்கு வழங்குவதைச் சுருக்கிக்கொள்ளலாம். இரைச்சலை நீக்குகின்றேன் என்று தம்பூராவையும் சேர்த்து நீக்கிவிட வேண்டாம். ஏற்றிய பின்னும் மூல நாடாவை எறிய வேண்டாம். பெட்டியின்மேல் தந்தையாரோ பாட்டனாரோ கையால் எழுதிய குறிப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியும் பக்கவாத்தியமும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

பொதுவெளியில் ஏற்றுவதற்கு முன் உரிமையைப் பற்றியும் கருதுதல் வேண்டும். இந்தியச் சட்டப்படி வெளியிடப்பெற்ற ஒலிப்பதிவுக்கு அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனியே உரிமை உண்டு. கலைஞரோ அவர் குடும்பத்தாரோ வாழ்கின்ற இடத்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது சட்டத்திற்கும் பொருத்தம், பண்பாட்டிற்கும் பொருத்தம். சென்னை மியூசிக் அகாடமியின் டாக் ஒலிக்காப்பகம் போன்ற நிலையங்களில் பழைய கச்சேரிகளைச் சென்று கேட்க வசதி செய்திருக்கின்றார்கள். ஊருக்குச் செல்லும் விடுமுறையில் ஒரு பகற்பொழுதை அதற்கென ஒதுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறைந்தவர்களைக் கேட்டு மகிழும் நாம், வாழ்பவர்களை மறந்துவிடக் கூடாது. இந்த நகரங்களில் உள்ள சபைகளில் முன்வரிசை நாற்காலிகள் நரைத்த தலைகளால் நிரம்புகின்றன. பின்வரிசைகள் வெறுமையாக உள்ளன. வீட்டிலேயே எல்லாம் கிடைக்கின்றதே என்று எல்லோரும் இருந்துவிட்டால், ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கண்டடைவதற்கு இன்றைய கச்சேரி எதுவும் எஞ்சியிராது. கிழமைக்கு ஐந்து நாள் இணையத்தில் கேட்பவர், மாதத்தில் ஒரு மாலையாவது நேரில் சென்று, அறியாத ஓர் இளைஞர் பாடுவதைக் கேட்பாராக. ஓலேட்டியைப் போல் ஒருவர் இன்று நம் அடுத்த தெருவிலேயே பாடிக்கொண்டிருக்கலாம்.

நம் பிள்ளைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வங்கத்திலும் மராட்டியிலும் படிக்கின்றார்கள். அவர்களுள் பலருக்குத் தமிழ் எழுத்து வாராது. அது குறித்து நாம் வருந்துகின்றோம், முயல்கின்றோம். எழுத்துக்கு முன்பே செவி வழியாக வந்து சேரும் செல்வம் ஒன்று உண்டு. இரவு உணவின்போது பட்டம்மாளின் பாட்டு ஒன்று மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கட்டும். அதனை விளக்க வேண்டாம். கேள் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பத்தாண்டுகளுக்குப் பின், எங்கோ ஒரு தொலைவான ஊரில், அந்தக் குழந்தை அக்குரலைத் தானே தேடிக் கண்டுகொள்ளும். ஒருமுறை செவியில் விழுந்திருந்தால்தான் மீண்டும் கண்டடைய இயலும். அந்த முதல் முறையை வழங்குவது நம் கையில் உள்ளது.